கூரைத் தகரத்துக் கோப்பினை மூடியது யார்?

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்துப் பிற்பகல் ஒன்றில், அதன் கீழ்ப் பிரிவு மைதானத்தில் ஹெலிகொப்டர் ஒன்று இறங்கியது. பங்களா ஹோட்டலுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் அதில் இருந்தார்கள். வழக்கமாகப் பள்ளத்தாக்குப் பக்கமிருந்துதான் அது வரும். அன்று பள்ளத்தாக்கில் மேகம் ஏறிவிட்டதால் எதிர்ப்பக்கமாக, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு மேலாக வந்தது. வந்ததும் உடனே இறங்காமல் மைதானத்தின் ஓரத்தில் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது.

லயத்துக் கூரைகளில் தகரத்தை ஆணி பிடித்திருப்பதைவிடக் கல் பிடித்திருப்பதுதான் அதிகம். சுழலி கீழே தள்ளிய காற்றில் இரண்டு தகரங்கள் கல்லோடு கிளம்பின. ஒன்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் போய் விழுந்தது. மற்றது, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் செருகி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. அன்று மாலையே நிறுவனத்தின் ஆள் ஒருவர் இரண்டு புதுத் தகரமும் கொஞ்சம் காசும் கொடுத்து விஷயத்தை முடித்தார். விமானி அறிக்கை எழுதவில்லை. தோட்ட நிர்வாகமும் எழுதவில்லை.

இந்த நிறுவனத்தில் பறப்புப் பாதுகாப்புக்கென்று ஓர் அதிகாரி இருந்தார். இருந்தும் இந்தச் சம்பவம் பதிவேட்டில் ஒரு வாரத்துக்குள் ‘முடிந்தது’ என்று எப்படிக் கிடந்தது? அதைப் பார்த்துச் சொல்லும்படி வெளியாளான என்னை அழைத்தவர் நிறுவனத்தின் முகாமைத்துவப் பணிப்பாளர். நிறுவனத்தின் பெயரோ தோட்டத்தின் பெயரோ இங்கே வேண்டாம். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். சிறிய நிறுவனம், இரத்மலானையில் ஹெங்கர் (விமானக் கொட்டகை), கைவிரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய விமானிகள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

தகவல் வந்த வழி

பாதுகாப்பு அதிகாரி பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. விமானப் பராமரிப்புப் படித்து, சில காலம் ஹெங்கரில் வேலை பார்த்து, பிறகு இந்த நாற்காலிக்கு வந்தவர். சம்பவம் நடந்த தோட்டத்தின் தலைவருக்கு, அதாவது தொழிற்சங்கத் தலைவருக்கு, இவருடைய மாமாவைத் தெரியும். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு வந்தது. அதிகாரி என்னிடம் சொன்னபடி:

“தம்பி, நீங்க அந்த ஹெலி கம்பெனியிலதான வேல செய்யிறீங்க? ஒங்க மாமாகிட்ட நம்பர் வாங்குனேன். கோவிச்சிக்காதீங்க.”

“சொல்லுங்க தலைவரே.”

“தகரத்துக்குக் காசு குடுத்துட்டாங்க, அதுல ஒண்ணும் பிரச்சின இல்ல. புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரமா இருந்திருந்தா என்னா ஆகியிருக்கும்? அத யாருகிட்டச் சொல்றதுன்னுதான் தெரியல.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஆய்வின் பாதி இருக்கிறது. நிறுவனத்தின் அறிக்கைப் படிவம் கணினியில், ஆங்கிலத்தில், ஊழியர் அடையாள எண் கேட்டுத்தான் திறக்கும். விமானியும் பொறியியலாளரும் எழுதலாம். இறங்குதளத்தைச் சுற்றிக் குடியிருக்கிறவர்களுக்கு வழியே கிடையாது. மாமாவின் நட்பு இல்லாவிட்டால் இந்தத் தகவல் வந்திருக்காது. சொந்தபந்தத்தால் தகவல் வந்து சேர்வதை ஒரு முறைமை என்று சொல்ல முடியாது.

மூடிய விதம்

அதிகாரி மறுநாளே ஆபத்து அறிக்கை பதிந்தார். பதிவேட்டின் விதிப்படி, அறிக்கை எந்தப் பிரிவைப் பற்றியதோ அந்தப் பிரிவின் தலைவருக்கு அது போகும். அவர் நடவடிக்கை எடுத்து, அவரே மூடலாம். இது போனது பறப்பு நடவடிக்கைப் பணிப்பாளருக்கு. அவரே நிறுவனத்தின் பிரதம விமானி. அன்று அந்த ஹெலிகொப்டரை ஓட்டியவரும் அவரே.

நான்கு நாளில் கோப்பு மூடப்பட்டது. எழுதியிருந்த வாசகம் இவ்வளவுதான்: இறங்குதளம் பொருத்தமானது, கூரைகளை உறுதிப்படுத்திக்கொள்ளுமாறு குடியிருப்பாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

அறிவுறுத்தியது யார் என்று விசாரித்தேன். தகரம் கொண்டுபோன ஆள், புறப்படும்போது “கல்ல கொஞ்சம் பெருசா வைங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதுதான் அந்த அறிவுறுத்தல். பெரிய கல்லோடு தகரம் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. ஹட்டன் பக்கம் கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேல். காற்று அடர்த்தி குறைவு, பிற்பகல் வெப்பத்தில் இன்னும் குறையும். இருக்கைகள் நிறைந்திருந்தன, பயணப் பெட்டிகள் வேறு. வழக்கமான திசையை மாற்றியதால் காற்று பின்பக்கமாகியிருக்கிறது. இப்படி வரும்போது ஹெலிகொப்டர் தன் எடையை அந்தரத்தில் தாங்க அதிக வலுவை வாங்கும், அதிக நேரம் நிற்கும். அதன் எடைக்கு ஈடான காற்றுத் தள்ளுவிசை முழுவதும் கீழே இருக்கிறவற்றின் மேல்தான் இறங்கும். முன்னோக்கி ஓடும்போது அந்தக் காற்று பின்னால் சிதறிப்போகும், நிற்கும்போது சிதறாது. ஆகவே தளத்தின் பொருத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்தத் திசையில், எவ்வளவு எடையோடு, என்ன நேரத்தில் பொருத்தம் என்றும் பார்க்க வேண்டும். அந்த மைதானத்துக்கான அளவாய்வுத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரேயொரு அணுகுதிசைதான் அதில் வரைந்திருந்தது, பள்ளத்தாக்குத் திசை. மறுதிசையிலிருந்து வந்தால் கீழே லயம் இருக்கிறது என்ற குறிப்பே இல்லை. பள்ளத்தாக்கு மூடியிருந்தால் இறங்காமல் திரும்பிப் போக வேண்டுமா, வேறு தளம் உண்டா என்றும் இல்லை.

இவை எல்லாம் ஒரு பிரதம விமானிக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தவர்தான். ஆனால் கோப்பைத் திறந்து இவற்றைக் கேட்டால், பதில் அவருடைய சொந்த முடிவில் போய் முட்டும். பயணிகளை வைத்துக்கொண்டு, மேகம் கவிந்துகொண்டிருக்க, ஹோட்டல் வண்டி கீழே காத்திருக்க எடுத்த முடிவு அது. வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் எழுதவில்லை. அந்த இடத்தில் யாரை உட்கார வைத்தாலும் கை தானாக ‘முடிந்தது’ பொத்தானுக்குத்தான் போகும்.

கம்பி

முதல் கோப்பு மூடிய பிறகு இரண்டாவது அறிக்கை வந்தது. வேறொரு பிரிவில், மலைமேலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கீழே அனுப்புவதற்குக் கட்டிய கம்பியொன்று இறங்கும் பாதைக்குக் குறுக்கே ஓடுகிறது என்று இளம் விமானியொருவர் பெயர் போடாமல் எழுதியிருந்தார். கம்பி என்பது ஹெலிகொப்டருக்கு உலகெங்கும் பழைய எமன். தூணைப் பார்த்துத்தான் கம்பி இருக்கிறதென்று ஊகிக்க முடியும். தோட்டத்துக் கம்பிக்கோ தூணும் சவுக்கு மரத்துக்குள் மறைந்திருக்கும்.

நாலைந்து விமானிகள் உள்ள இடத்தில் பெயரில்லாத அறிக்கை என்று ஒன்று இல்லை. அந்த வாரம் அந்தத் தோட்டத்துக்குப் போனவர் யார் என்று பணி அட்டவணையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்கும் முன்பே பறப்பு நடவடிக்கைப் பணிப்பாளர் நடைபாதையில் வைத்து அதிகாரியிடம் கேட்டிருக்கிறார், யார் எழுதியது என்று. சொல்ல மாட்டேன் என்றார் அதிகாரி. “அப்ப நீங்க யாருக்கு வேல செய்றீங்க?” என்பது அடுத்த கேள்வி.

நியாயமான கேள்வி. பதிலும் ஆவணத்திலேயே இருந்தது. அதிகாரியின் நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்டவர் அதே பணிப்பாளர். வருடாந்தச் சம்பள உயர்வுக்கான மதிப்பீட்டுப் படிவமும் அந்த வாரம் அதே பணிப்பாளரின் மேசையில்தான் கிடந்தது.

அதிகாரி அன்று மாலை முகாமைத்துவப் பணிப்பாளரைச் சந்திக்க நேரம் கேட்டார். அலுவலகத்தில் அதற்குப் பெயர், தலைக்கு மேலால் போவது. அப்படிப் போனதால்தான் எனக்கு அழைப்பு வந்தது.

வரைபடத்தில் ஒரு புள்ளிக் கோடு

நிறுவனத்தின் கையேட்டில் அமைப்பு வரைபடம் அழகாகவே இருந்தது. பாதுகாப்பு அதிகாரியின் பெட்டியிலிருந்து பறப்பு நடவடிக்கைப் பணிப்பாளருக்கு ஒரு முழுக் கோடு, முகாமைத்துவப் பணிப்பாளருக்கு ஒரு புள்ளிக் கோடு. விமானத் துறையை மேற்பார்க்கும் ஒழுங்குபடுத்துநர் கேட்டால் காட்டுவதற்கு அந்தப் புள்ளிக் கோடு போதும். ஆனால் அந்தக் கோட்டின் வழியாக ஏதாவது ஒரு தாள், ஒரு சந்திப்பு, ஒரு தொலைபேசி அழைப்பு போயிருக்கிறதா என்று இரண்டு வருடக் கோப்புகளில் தேடினேன். இல்லை. பாதுகாப்புக் குழுக் கூட்டம் காலாண்டுக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. தலைமை தாங்கியவர் பறப்பு நடவடிக்கைப் பணிப்பாளர். முகாமைத்துவப் பணிப்பாளர் தொடக்கத்தில் வந்து, நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ, பாதுகாப்பு முகாமைத்துவத்துக்கென்றே தனியாக, சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 19ஆம் இணைப்பை 2013இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நான்கு கூறுகள், பன்னிரண்டு உறுப்புகள் கொண்ட சட்டகம் அது. நிறுவனத்தின் உச்சியில் பொறுப்புக்கூறும் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பெயர் சொல்லி ஒரு பாதுகாப்பு முகாமையாளரை நியமிக்க வேண்டும். இவை முதற்கூறிலேயே வருகின்றன. முகாமையாளர் எங்கே உட்கார வேண்டும் என்பதை ஐக்காவோவின் 9859ஆம் இலக்கக் கைநூல் விரிவாகச் சொல்கிறது: பொறுப்புக்கூறுபவருக்கு நேரடி வழி இருக்க வேண்டும், இடையில் முரண்படும் வேலை எதுவும் அவர் தலையில் இருக்கக் கூடாது. பதினாறு பேர் உள்ள நிறுவனத்துக்கும் பதினாறாயிரம் பேர் உள்ளதற்கும் ஒரே அச்சு பொருந்தாது என்பதையும் அந்தக் கைநூலே ஒப்புக்கொள்கிறது. இன்னொன்று: 19ஆம் இணைப்பு இந்த முறைமையைக் கேட்பது சர்வதேச வணிகப் பறப்புச் செய்யும் நிறுவனங்களிடம். உள்நாட்டுக்குள் மட்டும் பறக்கிறவர்களிடம் எவ்வளவு கேட்பது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். அமெரிக்காவிலேகூட, பெரிய விமான நிறுவனங்களுக்குப் பாதுகாப்புப் பணிப்பாளர் பதவியைக் கட்டாயமாக்கிய சட்டம், வாடகைக்குப் பறக்கும் சிறு நிறுவனங்களுக்கு அந்தப் பதவியைக் கட்டாயமாக்கவில்லை. சிறிய நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி எல்லா இடத்திலும் இரண்டு மூன்று தொப்பி போட்டவர்தான்.

நம்முடைய அதிகாரியின் இரண்டாவது தொப்பியைக் கடைசியில்தான் கண்டுபிடித்தேன். வாரத்தில் சில நாட்கள் அவர் பறப்பைக் கண்காணிக்கும் மேசையில் உட்காருகிறார். புறப்படும் முன் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்து வானிலை கேட்பது, ‘மைதானம் தயார்’ என்று விமானிக்குச் சொல்வது அந்த மேசையின் வேலை. தகரம் பறந்த நாளில் அந்த மேசையில் இருந்தவர் அவரேதான். தோட்டத்து எழுதுவினைஞரிடம் ‘மழை இல்லையே?’ என்று கேட்டிருக்கிறார், ‘மேகம் எங்கே நிற்கிறது?’ என்று கேட்கவில்லை. ஆக, பணிப்பாளர் தன் பறப்பைத் தானே விசாரித்தார் என்று குற்றம் சொல்கிற இதே அறிக்கை, அதிகாரி தன் மேசையைத் தானே விசாரிக்கவிருந்தார் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் முகம் சுருங்கியது. ஆனால் மறுக்கவில்லை.

வாகனம் என்பது சிறிய விஷயம்போல் தெரியும். இறங்குதளங்களைப் போய்ப் பார்க்க அதிகாரிக்கு வண்டி வேண்டும். வண்டிக்கான கையொப்பம் பறப்பு நடவடிக்கைப் பிரிவின் செலவுத் தலைப்பில். அந்த வருடம் கேட்டவற்றில் பெரும்பாலானவை ‘அவசரமில்லை’ என்று திரும்பியிருக்கின்றன. யாரும் அவரைத் தடுக்கவில்லை. பெற்றோல் மட்டும் கிடைக்கவில்லை.

தொழிற்சங்கத் தலைவரிடம் இந்த ஏற்பாட்டை விளக்கியபோது, அவர் இரண்டு வார்த்தையில் பிடித்துக்கொண்டார். “கொழுந்து நிறுக்கிற தராசும் பேர் போடுற பேனாவும் ஒரே ஆள் கையில இருந்தா கிலோ கொறையத்தானங்க செய்யும்” என்றார்.

மற்ற இடங்களில் கற்றவை

இந்த மலைகளில் விமானம் என்றதும் முதியவர்கள் சொல்வது ஒன்றைத்தான். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவை நோக்கி வந்த மார்ட்டினெயார் டிசி-8 விமானம், நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள் என்றது விசாரணை. தவறாக வாசிக்க இடம் தரும் டொப்ளர், வானிலை ரேடார் கருவிகளை நம்பியதை அதற்குக் காரணமாகச் சொன்னது. அந்தக் காலத்து விசாரணைகள் பெரும்பாலும் விமானி அறையின் கதவோடு நின்றுவிடும்.

கதவைத் தாண்டி நிறுவனத்துக்குள் போன விசாரணைகளில் முக்கியமானது கனடாவில் நடந்தது. 1989 மார்ச் 10, டிரைடன் நகரில், இறக்கையில் பனி படிந்திருந்த எயார் ஒன்டாரியோ விமானம் கிளம்பி விழுந்து 24 பேர் இறந்தார்கள். நீதியரசர் வேர்ஜில் மொஷான்ஸ்கி மூன்று வருடம் விசாரித்தார். விமானியோடு நிறுத்தாமல், துணை இயந்திரம் பழுதான விமானத்தை அனுப்பிய நிறுவனத்தையும் அதை மேற்பார்க்க வேண்டிய அரசுத் திணைக்களத்தையும் அவர் கூண்டில் ஏற்றினார். பறப்புப் பாதுகாப்பு அதிகாரி பதவி அந்த நிறுவனத்தில் ஒரு காலம் ஆளில்லாமல் கிடந்ததும் அதில் வெளியே வந்தது. எனக்கு அதில் மறக்க முடியாதது வேறு. இறக்கையில் பனி இருந்ததைப் பணிப்பெண் கண்டிருக்கிறார். பயணிகளாக வந்த வேறு விமானிகளும் கண்டிருக்கிறார்கள். ஒருவரும் விமானி அறைக்குச் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றிச் சொன்னது கொலம்பியா விண்ணோட விசாரணை. 2003 பெப்ரவரி 1இல் எழுவர் இறந்த பிறகு, அந்த வருடம் ஆகஸ்ட்டில் வந்த அறிக்கை, நாசாவின் பாதுகாப்புப் பிரிவு தான் கண்காணிக்க வேண்டிய அதே திட்டத்தின் நிதியில் வாழ்ந்தது என்று எழுதியது. திட்டத்தின் காசில் சம்பளம் வாங்கிக்கொண்டு திட்டத்தை நிறுத்து என்று சொல்லும் தைரியத்தைத் தனியாட்களிடம் எதிர்பார்க்காதீர்கள், தனி நிதியும் தலைமையகத்தோடு நேரடித் தொடர்பும் கொடுங்கள் என்பதுதான் பரிந்துரையின் சாரம். நாசாவின் கோடிகளுக்கும் நம்முடைய பெற்றோல் சிட்டைக்கும் தூரம் அதிகம். ஆனால் பொறி ஒன்றுதான்.

பணிப்பாளர் தரப்பு

பறப்பு நடவடிக்கைப் பணிப்பாளரிடம் நீண்ட நேரம் பேசினேன். படையில் பறந்தவர், மலைநாட்டுக் காற்றை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். அவருடைய வாதம் இது: கம்பியில் அடிபட்டால் முதலில் சாகிறது நான், என்னைவிட யாருக்குப் பாதுகாப்பில் அக்கறை? பாதுகாப்பு என்பது ஓட்டுகிறவனின் வேலை. காகிதம் வைத்திருக்கிறவர் பக்கத்தில் நின்று நிறுத்து நிறுத்து என்றால், நாளைக்கு விழுந்தால் அவரா பொறுப்பு?

இதில் பாதி சரி, அந்தப் பாதியை வலியுறுத்தவே செய்கிறேன். ஆபத்தைச் சுமக்க வேண்டியவர் பறப்பை நடத்துகிறவர்தான். பாதுகாப்பு அதிகாரிக்கு நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்து, ஒவ்வொரு பறப்புக்கும் அவர் கையொப்பம் வாங்கினால், பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் பொறுப்பை அவர் தோளில் இறக்கி வைத்துவிடுவார்கள். பல நிறுவனங்களில் அதுதான் நடக்கிறது. ஏதாவது ஆனால் ‘சேப்டி ஒபிசர் பார்த்தாரே’ என்று கை காட்டிவிடலாம். கைநூலும் அவரை ஆலோசகராகத்தான் வைக்கிறது.

ஆனால் நடவடிக்கை எடுப்பது ஒன்று, எடுத்த நடவடிக்கை போதும் என்று தீர்ப்புச் சொல்வது இன்னொன்று. முதலாவது அவருடையது. இரண்டாவது, அதுவும் தன் சொந்தப் பறப்பைப் பற்றியது, அவருடையதாக இருக்க முடியாது. இந்தப் பிரிவினையை அவர் உடனே ஏற்கவில்லை. “உங்கள் இளம் விமானி இதேபோலச் செய்து, தன் கோப்பைத் தானே மூடியிருந்தால் விடுவீர்களா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, தேநீர் சொல்லி அனுப்பினார்.

மாறியவை

நியமனக் கடிதம் புதிதாக எழுதப்பட்டது. கையொப்பம் முகாமைத்துவப் பணிப்பாளருடையது, முழுக் கோடும் அவருக்கே. பறப்பு நடவடிக்கைப் பிரிவுக்கு இப்போது கோடு எதுவும் இல்லை. சம்பள உயர்வு மதிப்பீடும் அங்கிருந்து போய்விட்டது.

பெரிய வாக்குவாதம் பதவிநீக்கம் பற்றியது. பாதுகாப்பு அதிகாரியை நீக்கினால் அல்லது வேறு வேலைக்கு மாற்றினால், காரணத்தை எழுத்தில் பணிப்பாளர் சபைக்கு வைக்க வேண்டும் என்று ஒரு வாசகம் கேட்டிருந்தேன். நிறுவனத்தின் தலைவர் ஸ்தானத்தில் இருந்தவர் கொதித்துவிட்டார். என் நிறுவனத்தில் என் ஊழியரை நான் அனுப்ப முடியாதா என்றார். தாராளமாக அனுப்பலாம், காரணத்தை எழுதிவிட்டு அனுப்புங்கள் என்றேன். அந்த வாசகம் இரண்டு கூட்டங்களுக்குத் தள்ளிப்போய், கடைசியில் ‘பணிப்பாளர் சபை’ என்பதற்குப் பதில் ‘சபையின் நிறைவேற்றுப் பொறுப்பில்லாத ஒருவர்’ என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. எனக்கு அதுவே திருப்தி. ஏன் என்றால், நேரடிக் கோடு என்று நாம் கொண்டாடுகிற அந்தக் கோடு போய்ச் சேருவது யாரிடம்? இந்த நிறுவனத்தில் முகாமைத்துவப் பணிப்பாளர்தான் ஹோட்டல்களோடு பேசி முன்பதிவு பிடிப்பவர். பெரிய விமான நிறுவனத்தில் உச்சியில் இருப்பவர் விற்பனையிலிருந்து எட்டி நிற்பார். சிறு நிறுவனத்தில் உச்சியே கடைப் பலகை. அதனால் முன்பதிவில் வயிறு நிரம்பாத ஒருவருக்குப் பதிவேட்டின் பிரதி காலாண்டுக்கு ஒருமுறை போக வேண்டும் என்பதையும் சேர்த்தோம்.

பதிவேட்டில் மூடும் பொத்தான் இப்போது பாதுகாப்பு அதிகாரியிடம். நடவடிக்கை என்ன என்று எழுதுவது பிரிவுத் தலைவர். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் விஷயம் ஒரு வாரத்துக்குள் மேலே போகும், மேலே இருப்பவர் யார் பக்கம் சாய்ந்தாலும் ஏன் என்று எழுத வேண்டும். பெயரில்லாத அறிக்கைகள் நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போகின்றன. அவர் தேதியையும் இடத்தையும் மங்கலாக்கி, ஆபத்தை மட்டும் உள்ளே அனுப்புவார். இவ்வளவு சிறிய இடத்தில் இதற்கு மேல் மறைக்க முடியாது. எழுதுகிறவரிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

தோட்டங்களில், காலையில் வேலைக்குப் பேர் போடும் பிரட்டுக் களத்திலும் தோட்ட நிர்வாகியான துரையின் அலுவலக வாசலிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். ‘ஹெலிகொப்டர் வந்து போனதில் பயமோ சேதமோ இருந்தால் இந்த இலக்கத்துக்குச் சொல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, தகரத்துக்குக் காசு வாங்கியிருந்தாலும் சொல்லலாம்’ என்று. கடைசி வாசகத்தைச் சேர்க்கச் சொன்னது தொழிற்சங்கத் தலைவர்தான். காசு வாங்கிவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்று சனங்கள் நினைப்பார்கள் என்றார்.

இறங்குதளம் தொழிற்சாலைக்கு மேலே உள்ள பழைய நாற்றுமேடைத் திடலுக்கு மாறிவிட்டது. பக்கத்தில் கூரை எதுவும் இல்லை. ஹோட்டலுக்கு அங்கிருந்து வண்டியில் கூடுதல் தூரம், முதலில் முணுமுணுத்தார்கள். கம்பியில் நிறக் கோளங்கள் மாட்டத் தோட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்டது. லயத்துக் கூரைகள் அப்படியேதான் இருக்கின்றன. அது ஹெலிகொப்டர் நிறுவனம் தீர்க்கக்கூடிய விஷயமும் அல்ல, இந்த ஆய்வில் அடங்குவதும் அல்ல.

புதிய ஏற்பாட்டில் முதல் கருத்து வேறுபாடு விரைவிலேயே வந்தது. புதிய திடலின் அளவாய்வு காலை வேளையில் மட்டும் நடந்திருப்பதால் அதை மூட மாட்டேன் என்றார் பாதுகாப்பு அதிகாரி. போதும் என்றார் பறப்பு நடவடிக்கைப் பணிப்பாளர், முன்பதிவுகள் காத்திருக்கின்றன என்றும் சொன்னார். மேலே போனது. காலைப் பறப்புகளுக்கு அனுமதி, பிற்பகல் பறப்பு மழைக்கால அளவாய்வுக்குப் பிறகு என்று எழுத்தில் முடிவு வந்தது. இருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. என் பார்வையில் முடிவு சரி. அதைவிட, ஏன் என்று நான்கு வரி எழுதியிருந்தது சரி.

கண்காணிப்பு மேசைதான் பாதியில் நிற்கிறது. ஆள் இல்லாததால் அதிகாரி இன்னும் வாரத்தில் ஒரு நாள் அங்கே உட்காருகிறார். அந்த நாளைப் பற்றிய அறிக்கைகள் மட்டும் வெளியாளிடம் போகின்றன. அவர் விடுமுறையில் போனால் பதிலுக்கு வருபவர் இப்போதும் பறப்பு நடவடிக்கைப் பிரிவின் ஆள்தான். பகுதிநேர ஆள் ஒருவரை எடுப்பதற்கு அடுத்த வருட வரவுசெலவில் பணம் கேட்டிருக்கிறார்கள். இதை எழுதும்வரை அது ஒதுக்கப்படவில்லை.